உயிரின் ஒழுங்கைக் கணக்கிட்ட பேராசிரியர் ஹால்டேன்

தலைமன்னார்த் துறையின் பழைய கதைகளைப் பேசும் முதியவர்கள் 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை மறப்பதில்லை. அம்மாதம் 22ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி எதிர்க்கரையில் இருந்த தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளுடன் வந்துகொண்டிருந்த புகையிரதம் ஒன்று கடலுக்குப் பலியாயிற்று. 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நடைபெற்ற கப்பற்சேவை அத்துடன் முடிவுக்கு வந்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த சேவையும் 1984இல் நின்றுபோயிற்று.

அச்சூறாவளிக்குச் சரியாக மூன்று வாரங்களுக்கு முன்னர், டிசம்பர் முதலாம் திகதி, ஒரிசாவின் தலைநகரான புவனேஸ்வரில் ஒரு விஞ்ஞானி புற்றுநோயால் காலமானார். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியப் பிரஜையாக மறைந்த அவரது பெயர் ஜோன் பேர்டன் சாண்டர்சன் ஹால்டேன். ஜே.பி.எஸ். ஹால்டேன் என்றே உலகம் அவரை அறியும். சேர் ரொனால்ட் ஃபிஷர், அமெரிக்கரான சூவல் ரைட் ஆகிய இருவருடன் சேர்த்து, பரம்பரையியலுக்குக் கணித அடித்தளம் அமைத்த மூவரில் ஒருவராக அவர் எண்ணப்படுகிறார்.

மன்னார்க் கரையில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் இவரை அறிந்திருக்க வேண்டிய அவசியம் என்ன என்ற வினா எழலாம். நுளம்பால் பரவும் மலேரியா, தோட்டத்தில் நிற்கும் தென்னை, சொந்தத்துக்குள் நடைபெறும் திருமணம் ஆகிய மூன்றும் அவரது ஆய்வுகளோடு நெருங்கிய தொடர்புடையவை. இவை மூன்றும் இக்கரையின் அன்றாட வாழ்க்கையில் கலந்தவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி ஒக்ஸ்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜோன் ஸ்கொட் ஹால்டேன் சுவாசத்தை ஆராய்ந்த உடற்றொழிலியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுக்களால் தொழிலாளர் மடிவதைத் தடுக்க அவர் பாடுபட்டார். மகனையும் சிறுவயதிலேயே சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். ஒருமுறை சுரங்கத்தின் தாழ்ந்த கூரையின் கீழ் மகனை எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஒரு பகுதியை ஒப்புவிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிச் சிறுவன் கீழே விழுந்தான். தரைமட்டத்தில் சுவாசிக்க முடிந்தது. சுரங்க வாயு காற்றைவிட இலேசானது, ஆகவே மேலே தேங்கி நிற்கும் என்ற பாடத்தை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை. தன் உடலிலேயே அறிந்தான். தன்னுடலையே பரிசோதனைக் களமாக்கும் வழக்கம் அவரிடம் இறுதிவரை இருந்தது.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் கணிதமும் பின்னர் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் மெய்யியலும் பயின்றார். விஞ்ஞானத்தில் அவர் எந்தப் பட்டமும் பெற்றதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். முதலாம் உலகப் போரில் பிரான்சிலும் ஈராக்கிலும் போரிட்டுக் காயமடைந்து, சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டின் மீது அவர் கொண்ட பற்று அக்காலத்திலேயே தொடங்கியது. எலிகளில் இரு பரம்பரை இயல்புகள் சேர்ந்தே கடத்தப்படுவது பற்றித் தம் சகோதரி நயோமியுடனும் நண்பர் ஒருவருடனும் அவர் எழுதிய கட்டுரை 1915இல் வெளியானது. அது அச்சேறுமுன் அந்த நண்பர் போர்க்களத்தில் உயிரிழந்திருந்தார்.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனம் கற்பித்த காலமே அவரது ஆய்வு வாழ்வின் பொற்காலம் எனலாம். இயற்கைத் தேர்வினால் உயிரினங்கள் மாறுகின்றன என்று டார்வின் கூறியிருந்தார். ஆனால் அம்மாற்றம் எத்தனை தலைமுறைகளில் நிகழும் என்பதற்கு எவரிடமும் கணக்கு இருக்கவில்லை. 1924 முதல் பத்தாண்டுகளில் வெளியிட்ட தொடர் கட்டுரைகளில் ஹால்டேன் அக்கணக்கைப் போட்டுக் காட்டினார். மான்செஸ்டர் நகரில் 1848இல் முதன்முதலாகக் கறுப்பு நிற அந்துப்பூச்சி ஒன்று பதிவாயிற்று. ஆலைப் புகையால் மரங்கள் கருமையடைந்த அந்நகரில் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அவ்வினத்தில் பெரும்பாலானவை கறுப்பாகிவிட்டன. இத்தனை விரைவில் இம்மாற்றம் நிகழக் கறுப்புப் பூச்சிகள் வெளிர்நிறப் பூச்சிகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச் செல்ல வேண்டும் என அவர் கணித்தார். அவ்வளவு வலிய தேர்வு இயற்கையில் உண்டா என்று அன்று பலர் ஐயுற்றனர். 1950களில் காடுகளில் நடந்த ஆய்வுகள் அக்கணக்கின் பக்கமே நின்றன.

இதே காலத்தில் அவர் வேறொரு பெரிய வினாவையும் எழுப்பினார். நாம் ஒவ்வொருவரும் ஏறத்தாழ எல்லா மரபணுக்களிலும் தாயிடமிருந்து ஒரு பிரதியையும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியையும் பெறுகிறோம். ஒரு பிரதி பழுதடைந்தாலும் பெரும்பாலும் உடலுக்கு ஒன்றும் நேர்வதில்லை. பழுதடைந்த பிரதி ஏன் இப்படி அடங்கிக் கிடக்கிறது என்பதே அவ்வினா. ஏனைய மரபணுக்கள் காலப்போக்கில் அப்பழுதை மறைக்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது ஃபிஷரின் கருத்து. நொதியங்களின் வேகம் பற்றி 1925இல் பிரிக்ஸ் என்பவருடன் சேர்ந்து முக்கியமான கட்டுரை ஒன்றை எழுதியிருந்த ஹால்டேன், 1930இல் வேறு விளக்கம் தந்தார். நல்ல மரபணுவின் ஒரு பிரதியே தேவைக்குப் போதுமான நொதியத்தை ஆக்கும் வலிமையுடையதாக இருக்கிறது. இரண்டு பிரதிகள் இருப்பது பாதுகாப்புக்கான மிகை என்பது அவரது கருத்தாகும்.

கடற்றொழிலாளருக்கு இதை விளக்குவது எளிது. வள்ளத்தை இரண்டு கயிறுகளால் கட்டுகிறோம். ஒவ்வொரு கயிறும் தனித்தே வள்ளத்தைத் தாங்கவல்லது. ஒன்று அறுந்தாலும் வள்ளம் நிற்கும்; அறுந்ததே கரையில் இருப்பவனுக்குத் தெரியாது. இரண்டும் அறுந்தால் மாத்திரமே வள்ளம் போய்விடும். பல நொதியங்கள் சங்கிலிபோல் தொடர்ந்து வேலை செய்யும்போது அவற்றுள் ஒன்றின் அளவு பாதியாகக் குறைந்தாலும் இறுதி விளைவு அதிகம் குறையாது என்பதை எடின்பரோவைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 1981இல் கணித ரீதியாக நிறுவினார்கள். ஹால்டேன் நொதியங்களிடம் விடையைத் தேடியது சரியான திசை என்பது அரை நூற்றாண்டுக்குப் பின் உறுதியாயிற்று.

இன்று மரபணு வலைப்பின்னல் என்று பேசப்படும் துறை இவ்வினாவின் வளர்ச்சியே. ஒரு மரபணு மற்றொன்றை இயக்குகிறது, இன்னொன்றை நிறுத்துகிறது என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஜாக்கோபும் மொனோவும் 1961இல், ஹால்டேன் உயிருடன் இருந்தபோதே, வெளிப்படுத்தினர். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இவ்வாறு ஒன்றையொன்று கட்டுப்படுத்தினால் குழப்பமே மிஞ்சும் என்றுதான் எவரும் எண்ணுவர். அமெரிக்கரான ஸ்டூவர்ட் கோஃப்மன் 1969இல் மரபணுக்களை எரிந்து அணையும் விளக்குகளாகப் பாவனை செய்து கணினியில் பரிசோதித்தார். ஒவ்வொரு விளக்கும் வேறு இரண்டு விளக்குகளுக்கு மாத்திரம் கட்டுப்படுமாறு தற்செயலாக இணைத்தபோது, அவ்வலை எண்ணற்ற நிலைகளில் அலையாமல் ஒருசில நிலைகளில் வந்து அமைந்தது. ஒழுங்கு புறத்திலிருந்து திணிக்கப்படாமலே தோன்றக்கூடும் என்பதை இது காட்டியது.

2000ஆம் ஆண்டில் பழ ஈயின் கருவில் உடற்கண்டங்களைப் பிரிக்கும் மரபணு வலை ஒன்றைச் சில ஆய்வாளர்கள் கணித மாதிரியாக ஆக்கினர். அதில் இருந்த ஏறத்தாழ 50 அளவுகளுக்கும் கண்டபடி எண்களைக் கொடுத்துப் பார்த்தனர். இருநூறு தடவைக்கு ஒரு தடவை சரியான வடிவம் கிடைத்தது. இது குறைவெனத் தோன்றும். ஆனால் ஐம்பது அளவுகளும் ஒருங்கே பொருந்தவேண்டிய இடத்தில் இவ்விகிதம் கிடைப்பதென்றால், ஒவ்வோர் அளவும் பத்துக்கு ஒன்பது தடவை பொருந்துகிறது என்பது பொருள். வலையின் அமைப்பே அதற்கு உறுதியைத் தருகிறது. எண்கள் சற்று முன்பின்னாக இருந்தாலும் கரு கலங்குவதில்லை.

இவ்வுறுதிக்கும் எல்லை உண்டு. அதைத் தலசீமியா நோயில் காண்கிறோம். குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினை ஆக்கும் மரபணுவின் ஒரு பிரதி பழுதானவர் சாதாரண வாழ்க்கை வாழ்கிறார். அவரது செங்குருதிக் கலங்கள் சற்றுச் சிறியவை, அவ்வளவே. இரண்டு பிரதிகளும் பழுதான குழந்தையோ கடும் குருதிச்சோகைக்கு ஆளாகி, வாழ்நாள் முழுவதும் குருதியேற்றத்தை நம்பியிருக்க வேண்டியதாகிறது. சிகிச்சை இல்லாத காலத்தில் அக்குழந்தைகள் இளமையிலேயே இறந்தன. அவ்வாறாயின் இம்மரபணு தலைமுறைதோறும் குறைந்து அற்றுப்போயிருக்க வேண்டும். மத்தியதரைக்கடல் நாடுகளில் அது ஏன் அத்தனை பரவலாக இருக்கிறது என்ற கேள்விக்கு, புதிய புதிய மரபணு மாற்றங்கள் தோன்றுகின்றன என்று சிலர் விடை கூறினர். ஹால்டேனின் கணக்கு அதை ஏற்கவில்லை. ஒரு பிரதி பழுதானவரின் சிறிய செங்குருதிக் கலங்கள் மலேரியாக் கிருமியை எதிர்த்து நிற்கக்கூடும். ஆகவே மலேரியா மலிந்த நாட்டில் அவர் மற்றவரைவிட அதிகம் பிழைத்திருப்பார் என 1940களின் இறுதியில் அவர் கருத்து வெளியிட்டார். அரிவாட்கல நோயில் இது உண்மையென 1954இல் கிழக்கு ஆபிரிக்காவில் அந்தனி அலிசன் காட்டினார். பசிபிக் தீவுகளில் நடந்த ஆய்வொன்று 1986இல் தலசீமியாவுக்கும் அதற்குச் சான்றளித்தது.

இந்த விளக்கத்தை இலங்கையர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. 1963இல் 17 நோயாளரே பதிவாகும் அளவுக்கு அது அடக்கப்பட்டது. கவனம் தளர்ந்ததும் 1960களின் இறுதியில் இலட்சக்கணக்கானோரை மீண்டும் தாக்கியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 அக்டோபரில் இனங்காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனம் செய்தது. மலேரியா போயிற்று, ஆனால் பல நூற்றாண்டுகளாக அது நம் முன்னோரின் குருதியில் எழுதிச்சென்ற அடையாளம் போகவில்லை. குருநாகலில் உள்ள தேசிய தலசீமியா நிலையமே அதற்குச் சாட்சி. மலேரியாவைப் பரப்பவல்ல புதிய நுளம்பு இனமொன்று 2016இன் இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்டதையும் நாம் மறத்தலாகாது.

ஹால்டேன் ஆய்வுகூடத்துக்குள் அடங்கிக் கிடந்தவர் அல்லர். ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது அங்கு சென்று, விமானக் குண்டுவீச்சிலிருந்து பொதுமக்களைக் காக்கும் வழிகளை ஆராய்ந்து நூல் எழுதினார். 1939இல் தீற்றிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்ததையடுத்து, மூடிய அறைக்குள் காபனீரொட்சைட்டின் தாக்கத்தைத் தம் உடலிலேயே சோதித்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான டெய்லி வேர்க்கர் பத்திரிகையில் தொழிலாளர் வாசிக்கும் மொழியில் நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகளை எழுதினார். கடினமான செய்தியை எளிமையாகச் சொல்வது எப்படி என்பதற்குப் பத்திரிகைத் துறையினர் இன்றும் அவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

அவரது வாழ்வில் மாசு இல்லாமலும் இல்லை. சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ என்பவர் அரசின் துணையுடன் பரம்பரையியலை ஒழிக்க முற்பட்டார். ஹால்டேனைத் தம் நாட்டுக்கு 1928இல் வரவழைத்த வவிலோவ் என்ற மாபெரும் விஞ்ஞானி 1943இல் சிறையில் மடிந்தார். உண்மை தெரிந்திருக்க வேண்டிய ஹால்டேன் கட்சி விசுவாசத்தால் நெடுநாள் வாய்திறந்து கண்டிக்கவில்லை. 1950ஆம் ஆண்டளவில் கட்சியிலிருந்து ஓசையின்றி விலகினார். எண்கள் சொல்வதற்கு மாறாக எவர் சொன்னாலும் ஏற்காத மனிதர், இவ்விடயத்தில் மாத்திரம் தயங்கியது அவரது வரலாற்றில் நிலைத்துவிட்ட குறையாகும்.

1956இல் பிரித்தானியா எகிப்தின் மீது படையெடுத்த சூயஸ் விவகாரத்தைக் கண்டித்து, மறு ஆண்டு அவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பதவியைத் துறந்து மனைவி ஹெலன் ஸ்பேர்வேயுடன் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தார். மஹலநோபிஸ் நடத்திய கல்கத்தா புள்ளிவிபரவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்திய உடை உடுத்தி, மரக்கறி உணவே உண்டு வாழ்ந்தார். தாம் ஆசிரியராக இருந்த பரம்பரையியல் ஆய்விதழையும் தம்முடன் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கருத்து வேறுபாட்டால் 1961இல் அந்நிறுவனத்தை விட்டு விலகி, மறு ஆண்டு ஒரிசா அரசின் ஆதரவில் புவனேஸ்வரில் ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாத நாட்டிலும் கண்ணும் பொறுமையும் எண்ணிக்கையும் இருந்தால் உயர்ந்த விஞ்ஞானம் செய்யலாம் என்பதை அவர் தம் மாணவர்களைக் கொண்டு காட்டினார். எஸ்.கே. ரோய் என்பவர் பவளமல்லி மரத்தின் பூக்களை ஆயிரக்கணக்கில் சேகரித்து இதழ்களை எண்ணினார். ஒரே மரத்தின் பூக்களுக்கு மரபணு ஒன்றே. அவ்வாறிருந்தும் இதழ்த்தொகை எவ்வளவு மாறுகிறது, எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்பதை அறிவதே நோக்கம். மரபணு வலையின் உறுதி பற்றி இன்று கணினியில் கேட்கப்படும் கேள்வியை அவர்கள் அன்று பூக்கூடையுடன் கேட்டனர் என்றால் மிகையன்று.

கேரளத்தின் காயங்குளத்தில் தென்னையை ஆராய்ந்து, பின்னர் ஹால்டேனுடன் இணைந்த டி.ஏ. டேவிஸ் என்பவரின் பணியும் இத்தகையதே. தென்னை ஓலைகள் தண்டைச் சுற்றிச் சுருளாக அமைகின்றன. சில மரங்களில் அச்சுருள் இடப்புறமாகவும் சிலவற்றில் வலப்புறமாகவும் செல்கிறது. இரு வகையும் ஏறத்தாழச் சமமாகவே காணப்படுகின்றன. இடச்சுருள் மரத்தின் தேங்காயை நட்டால் இடச்சுருள் கன்றே முளைக்கும் என்ற நியதியும் இல்லை. சுருளாக அமைவது மாறாத விதி. எப்பக்கம் சுருள்வது என்பதோ தற்செயல். மரபணுக்கள் எதை உறுதியாகக் காக்கின்றன, எதைத் தற்செயலுக்கு விட்டுவிடுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. மன்னார்த் தீவின் பாடசாலை மாணவர் ஒருவர் தம் ஊரின் தென்னைகளை எண்ணி இதைத் தாமே சரிபார்க்கலாம். செலவு ஒரு கொப்பியும் பென்சிலும் மாத்திரமே.

மூன்றாவது ஆய்வு நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. ஹால்டேனின் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜுவும் பி. மீரா கான் என்ற மருத்துவ விஞ்ஞானியும் ஆந்திரப் பிரதேசத்தில் உறவுமுறைத் திருமணங்களின் பரவலையும் விளைவையும் ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் கட்டுரைகள் வெளியிட்டனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மச்சான், மச்சாள் திருமணம் பழைய வழக்கம். சொத்தும் உறவும் பிரியாதிருக்க முன்னோர் கண்ட ஏற்பாடு அது. அதை இழித்துரைப்பது நமது நோக்கமன்று. ஆயினும் கணக்கு ஒன்று உண்டு. பழுதான மரபணுப் பிரதி ஒருவரிடம் இருந்தால், அவரது மாமன் அல்லது மாமி பிள்ளையிடமும் குடும்ப வழியில் அதே பிரதி இருப்பதற்கு எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்நியரிடையே இவ்வாய்ப்பு பெரும்பாலும் இதைவிடக் குறைவு.

தம்பதியர் இருவரும் தலசீமியாக் காவிகளாயின், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஒருவர் மாத்திரம் காவியாக இருந்து, மற்றவரிடம் இதனையொத்த வேறு ஈமோகுளோபின் குறைபாடும் இல்லையெனில், நோயுள்ள குழந்தை பிறப்பதில்லை. காவியைத் தோற்றத்தில் அறிய முடியாது. ஒரு கயிறு அறுந்தும் வள்ளம் நிற்பதால் அறுந்தது தெரியாததுபோல, உடலின் உறுதியே பழுதை மறைத்துவிடுகிறது. எளிய குருதிப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும். சைப்பிரஸ் நாட்டில் கிறிஸ்தவத் திருச்சபை திருமணத்துக்கு முன் இப்பரிசோதனைச் சான்றிதழைக் கேட்கிறது. ஈரான் 1997 முதலும் சவூதி அரேபியா 2004 முதலும் திருமணத்துக்கு முன்னரான பரிசோதனையைக் கட்டாயமாக்கின. எந்தச் சமயமும் இதற்குத் தடையாக நிற்கவில்லை.

நம்மிடையே தடையாக நிற்பது வெட்கம். பரிசோதனையில் காவி எனத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது, குடும்பத்துக்கு இழுக்கு என்று அஞ்சும் பெற்றோர் உளர். அவர்கள் ஹால்டேனின் கணக்கை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். காவியாக இருப்பது குற்றமும் அன்று, குலத்தின் குறையும் அன்று. மலேரியா ஊர் ஊராக வாரிச்சென்ற காலத்தில் அதைத் தாங்கிப் பிழைத்த முன்னோர் விட்டுச்சென்ற தழும்பு அது. ஆணிடம் இருந்தாலும் பெண்ணிடம் இருந்தாலும் அதற்குப் பொருள் ஒன்றே. பேச்சுக்கால் தொடங்குமுன், சாதகமும் சீதனமும் மஹரும் பேசப்படுவதற்கு முன், இரு வீட்டாரும் பிள்ளைகளின் குருதியைப் பரிசோதித்துக் கொள்வார்களாயின் எத்தனையோ குழந்தைகளின் வாழ்நாள் துன்பம் தவிர்க்கப்படும். கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்கள் இதைத் தம் கடமைகளில் ஒன்றாகக் கொள்ளலாம்.

ஹால்டேன் தம் உடலை ஆந்திரப் பிரதேசத்தின் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். சிறுவயதில் சுரங்கத்தில் தொடங்கிய பரிசோதனை, மாணவர்களின் மேசையில் முடிந்தது. வாழும்போதும் இறந்த பின்னும் தம் உடலைப் பிறர் அறிவுக்காகக் கொடுத்தவர் அவர். நம் பிள்ளைகளின் நலனுக்காக நம்மிடம் கேட்கப்படுவதோ சில துளிக் குருதி மாத்திரமே.